குரோம்பேட்டையில் ஆறு நாள்: எடைக்கல்லும் சுழல் நாற்காலியும்

முதல் நாள், வியாழன்

பாண்டியன் விரைவு ரயில் என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, சானடோரியத்துக்கு அடுத்த நிறுத்தமான குரோம்பேட்டையில் இறங்கினேன். அப்பா கட்டிய வீட்டை விற்றுவிட்டோம். பத்திர வேலைக்காக ஆறு நாள் அக்கா வீட்டில் தங்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது என்பதால், மீதி நேரத்தில் நான் வளர்ந்த தெருக்களைக் கால்நடையாகச் சுற்றி, அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். கோயில் குளம் பார்க்கும் பயணம் அன்று இது. நான் பார்க்கப்போவதெல்லாம் பழைய மளிகைக் கடைகளையும் சலூன்களையும், பெரும்பாலும் அவை இருந்த இடங்களையும்தான்.

ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஒரு தொழிற்சாலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனி, ஆவாரம் பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கொண்டு தோலைப் பதனிட்டது. அந்தக் குரோம்தான் பேட்டையோடு ஒட்டிக்கொண்டது. கம்பெனியின் முதலெழுத்துகள் சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு என்ற தெருப் பெயரில் இன்றும் இருக்கின்றன. நாகல்கேணிப் பக்கமிருந்து காற்று வீசும் நாட்களில் தோல் வாடை எங்கள் வகுப்பறை வரை வரும். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது வாடையாகவே தெரிந்ததில்லை.

தொழிற்சாலை பெயரைத்தான் கொடுத்தது, கடைகளைக் கொண்டுவந்தது ரயில். 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பட்டணத்து அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் வாடகை குறைவு என்று இந்தப் பக்கம் குடிவந்தார்கள். முதல் தேதி சம்பளம் வாங்கும் குடும்பங்கள் பெருகியதால்தான் மாதக் கணக்கு எழுதும் மளிகைக் கடைகளும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நிரம்பி வழியும் சலூன்களும் இங்கே பிழைக்க முடிந்தது. அந்த மீட்டர் கேஜ் ரயில் 2004ஆம் ஆண்டு ஜூலையோடு நின்றது. நான் கேள்விப்பட்ட வரையில் எங்கள் ஸ்டேஷன் ரோட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும் அதற்கு முன்னும் பின்னுமான பத்தாண்டுகளில்தான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் ஊர்க்காரர்கள் எதையும் “பழைய வண்டி ஓடினப்போ” என்றுதான் காலம் குறிக்கிறார்கள்.

மாலையில் ஸ்டேஷன் ரோட்டில் நடந்தேன். மணிக்கு ஐம்பது காசுக்குச் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடை இப்போது மருந்துக் கடை. விறகுத் தொட்டி இருந்த மனையில் ஐந்து மாடிக் குடியிருப்பு. காபிக் கொட்டை வறுத்து அரைத்துத் தந்த கடையின் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், பிளாஸ்டிக் நாற்காலிகளின் புது வாசனைதான் வந்தது. மாவு மில் மட்டும் அதே இடத்தில், அதே இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அரைக்க வந்த பெண்ணின் புருவத்தில் மாவு படிந்திருந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. ஒரு நிறுத்தம்தான். பழைய டிரங்க் ரோட்டின் இரு புறமும் தார்ப்பாய் விரித்து, செடி, புறா, கருவாடு, பழைய துணி, உடைந்த கேமரா, ஓடாத கடிகாரம் என்று ஒரு வீட்டில் இருக்கக்கூடியதும் இருக்கக் கூடாததுமான சகலமும் விற்கப்படும் சந்தை இது. மூடப்பட்ட கடைகளின் சாமான்கள் எங்கே போகின்றன என்ற என் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்தது.

பழைய இரும்புச் சாமான்களின் குவியலில் ஓர் அறுகோண எடைக்கல் கண்ணில் பட்டது. இரண்டு கிலோ. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் உள்ள குழியில் ஈயம் நிரப்பி, அதன்மேல் அரசு முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. கடைக்காரர் அவ்வப்போது கல்லைக் கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொண்டதற்கு அத்தாட்சி அது. விலை கேட்டேன்.

“இரும்பு வெலதான் சார், கிலோ எண்பது. ரெண்டு கிலோ கல்லு, நீங்களே கணக்குப் போட்டுக்குங்க” என்றார் விற்ற அம்மா.

எடைக்கல்லை எடை போட்டு விற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. உண்மையிலேயே அவர் அதைத் தம் மின்னணுத் தராசில் வைத்தார். திரையில் 1.985 என்று வந்தது. “பதினஞ்சு கிராம் தேஞ்சிருச்சு” என்று சொல்லிச் சிரித்து, நூற்று அறுபதுக்குப் பதில் நூற்று ஐம்பது வாங்கிக்கொண்டார். எத்தனை ஆண்டு, எத்தனை ஆயிரம் முறை துவரம் பருப்புக்கு எதிர்த்தட்டில் உட்கார்ந்து எழுந்தால் இரும்பு பதினைந்து கிராம் தேயும் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே வரிசையில் இரும்புப் படி ஒன்றும் ஆழாக்கு ஒன்றும் கிடந்தன. மெட்ரிக் எடைகள் 1962 முதல் கட்டாயமாயின என்றாலும், எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு என் பாட்டியின் அரிசிப் பானைக்குள் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் செல்லுபடியானது.

சற்றுத் தள்ளி, மரச் சாமான்களுக்கு நடுவில் ஒரு சலூன் நாற்காலி நின்றது. பீங்கான் கைப்பிடி, ஏற்றி இறக்கக்கூடிய தலைதாங்கி, கிழிந்த சிவப்பு ரெக்சின். இளைஞர்கள் இருவர் அதைப் புதிதாகத் திறக்கவிருக்கும் காபிக் கடையில் அலங்காரமாக வைப்பதற்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து கைப்பிடிகளின் மேல்புறத்தைப் பார்த்தேன். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த தேய்மானம் இருந்தது. குழந்தைகளை உட்கார வைப்பதற்காக இரு கைப்பிடிகளுக்கும் குறுக்கே பலகை போடுவார்கள், அந்தப் பலகை உரசிய தடம் அது. வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்காது. சொல்ல வாயெடுத்தேன், அவர்கள் பணம் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், சனி

எங்கள் அண்ணாச்சி கடை மூடப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் பார்கோடு இயந்திரமுமாக, அதே முனையில், முன்பிருந்ததைப் போல மூன்று மடங்கு அகலத்தில் நடக்கிறது. அண்ணாச்சி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் நடத்துகிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், பள்ளியில் எனக்கு மேல் வகுப்பு.

பழைய கடையின் வாசலை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். விளிம்பை வெளிப்புறமாகச் சுருட்டிவிட்ட சாக்கு மூட்டைகள் இரண்டு வரிசை: முன்னால் அரிசி, பின்னால் பருப்பு. இடப்புறம் மண்டை வெல்லமும் கொட்டை எடுக்காத புளியும். சீமை எண்ணெய் டின் மட்டும் சுவருக்கு அப்பால், தீண்டத்தகாதது போலத் தனியாக. விட்டத்திலிருந்து தொங்கும் தகர டப்பாவின் அடியில் ஒரு துளை, அதன் வழியே இறங்கும் நூல். அண்ணாச்சி செய்தித்தாளை முக்கோணமாகச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு வெட்டு வெட்டுவார், நூல் அறுந்துவிடும். கத்தியும் இல்லை, பல்லும் இல்லை. நூல் அறும் அந்த “டப்” என்ற ஓசைக்காகவே நான் பொட்டலங்களை எண்ணிக்கொண்டு நிற்பேன். கணக்கு, காதில் செருகிய பென்சிலால் அதே செய்தித்தாளின் ஓரத்தில் போடப்படும். கடைசியில் தராசுத் தட்டில் முள் நேராக நின்ற பிறகும் ஒரு சிட்டிகை மேலே போடுவார். கைக்கு ஒரு துண்டு வெல்லம் கொசுறு.

தென் மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையின் மூலைமுடுக்கெல்லாம் மளிகைக் கடை வைத்தவர்களின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதில் வியப்பான பகுதி கடைப் பையன்கள். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் வந்து, கடையிலேயே உண்டு, மூட்டைகளின்மேல் உறங்கி, சம்பளத்தை அண்ணாச்சியிடமே விட்டுவைத்து, எட்டு பத்து ஆண்டுகளில் அந்தச் சேமிப்போடு அடுத்த புறநகரில் தனிக்கடை போட்டுவிடுவார்கள். எங்கள் கடையிலிருந்து அப்படி முளைத்தவை நான்கு என்று மகன் விரல் விட்டு எண்ணினார். படிக்க வேண்டிய வயதில் மூட்டை சுமந்தார்கள் என்பதும் உண்மை, அதை அவரும் மறைக்கவில்லை.

நேற்று வாங்கிய எடைக்கல்லைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். என்னைப் போலவே அவரும் முதலில் அதைக் கவிழ்த்து முத்திரையைத்தான் பார்த்தார்.

“எத்தனை குறையுது?”

“பதினைஞ்சு கிராம்.”

“அப்பா அதுக்குத்தான் மேல ஒரு சிட்டிகை போடுவாங்க. கல்லு தேயுறது நம்ம தப்பு, சனங்க தப்பு இல்லன்னு சொல்லுவாங்க.”

நாற்பது ஆண்டுகளாக அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடை எதனால் தப்பியது என்று கேட்டேன். பேரங்காடிகள் வந்ததும், பண மதிப்பிழப்பு நடந்ததும், 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அடுத்தடுத்த அடிகள்தாம் என்றார். (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்னும் ஜி.எஸ்.டி. சாலையின்மேல் கடை வைத்திருப்பவனுக்கு ஜி.எஸ்.டி. வரியா என்று அப்போது வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்களாம்.) இடம் சொந்தமாக இருந்ததால் தப்பித்தது, அவ்வளவுதான் என்பது அவருடைய கணிப்பு. வாடகைக் கட்டடத்தில் இருந்தவர்கள் எவ்வளவு நல்லவர்களாக, எவ்வளவு உழைத்தவர்களாக இருந்தாலும் நிற்க முடியவில்லை. 2019 ஜனவரியில் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்தபோது, பொட்டலம் மடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் இரண்டு மாதம் தாமே உட்கார்ந்து மடித்ததாகச் சொன்னார். ஒன்று மடித்துக் காட்டச் சொன்னேன். மடித்தார். நூல் அறும் ஓசை மட்டும் வரவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினார்.

நான்காம் நாள், ஞாயிறு

சலூனைப் பற்றி எழுதுவதை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். பத்தடிக்கு எட்டடி இருக்கலாம். அதற்குள் இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள். பலகையின்மேல் உட்கார்ந்தால் என் தலையும் முதுகும் ஒன்றுக்குள் ஒன்றாக எண்ண முடியாத தூரம் வரை தெரியும். முடிவில்லாமை என்ற சொல்லைப் பிறகு கணக்கு வகுப்பில் கேட்டபோது எனக்கு அந்தக் கண்ணாடிதான் நினைவுக்கு வந்தது. “இங்கு அரசியல் பேசக் கூடாது” என்று சிவப்பு எழுத்தில் பலகை. அதற்கு நேர் கீழே பெஞ்சில், ஒரே தினத்தந்தியை நான்கு தாளாகப் பிரித்துக்கொண்ட நான்கு பேரின் ஓயாத அரசியல். சங்கம் நிர்ணயித்த கட்டணப் பட்டியல், செவ்வாய் விடுமுறை என்ற அறிவிப்பு, சுவரில் தொங்கும் தோல் வார். கத்தியை அந்த வாரில் மேலும் கீழும் இழுத்துத் தீட்டும்போது, “நாகல்கேணித் தோலு, எங்க ஊருச் சரக்கு” என்று பெருமையோடு சொல்வார் சலூன்காரர். முடி வெட்டும்போது கத்தரிக்கோல் முடியைத் தொடாத நேரத்திலும் காற்றில் வெட்டிக்கொண்டே இருக்கும். அது தாளம் தப்பாமல் இருப்பதற்காகவாம். முடிந்ததும் படிகாரம், பிறகு குட்டிக்குரா பவுடர், கடைசியில் கழுத்தைத் திருப்பி ஒரு நெட்டி.

இவ்வளவும் இனிய நினைவுகள்தாம். ஆனால் நேற்று மளிகைக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று என்னை உறுத்தியது. மளிகைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்றோம், நீங்கள், வாங்க என்றோம். சலூன்காரரோ அவரைவிட வயதில் மூத்தவர், அவரை எட்டு வயதில் நான் “தாத்தா கூப்பிட்டாரு, வீட்டுக்கு வா” என்று ஒருமையில்தான் அழைத்தேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான். அவர் என்னைத் “தம்பி, வாங்க” என்றார். தாத்தா படுக்கையில் விழுந்த பிறகு வாரம் ஒருமுறை சவரம் செய்ய வீட்டுக்கு வருவார். வாசல் வழியாக அல்ல, பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம். முடிந்ததும் பாட்டி கொடுக்கும் காபிக்கு என்று ஒரு டம்ளர், விளிம்பு நசுங்கியது, துவைக்கும் கல்லுக்கு மேலே மாடத்தில் இருக்கும். அவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பட்டணம் வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடம் நினைவுக்கு வரும். கடற்கரைக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் அது.

மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்படும் அந்தச் சமூகத்தவர் புண்ணுக்கு மருந்து வைத்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், நாகசுரம் வாசித்தவர்களும் அவர்களில் உண்டு. தலைமுடியை மட்டும் வைத்து ஊர் அவர்களுக்குப் பெயர் சொன்னது. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தபோது அந்தப் பட்டியலில் அவர்களும் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சலூன்காரருடைய மகன் பொறியியல் படிக்கப் போனார் என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தார்.

அண்ணாச்சியின் மகனிடம் சலூன் பெரியவர் இருக்கும் இடம் தெரிந்தது. பார்க்கப் போகுமுன் முடியை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று பிரதான சாலையில் ஒரு குளிர்சாதன சலூனுக்குப் போனேன். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்திருந்த இளைஞர், இயந்திரத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். நூற்று எண்பது ரூபாய். தமிழில் “நல்லா இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாம் நாள், திங்கள்

பத்திரம் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெரியவர் வேளச்சேரியில் மகனுடைய அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறார். எண்பத்தைந்து கடந்துவிட்டது. கண் சற்று மங்கல், கை நடுங்கவில்லை. தாத்தாவின் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க தம்பி, உக்காருங்க.”

“எப்படி இருக்கீங்க ஐயா?”

“என்ன தம்பி, புதுசா ஐயா!” என்று சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை.

கடையை ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். கட்டடக்காரர் இடத்தைக் கேட்டதுதான் காரணம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அது இல்லை என்றார். வேறு இடம் பார்த்து முன்பணமும் கொடுத்திருந்தாராம். மகன் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தபோது, அக்கம்பக்கத்தவர் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, சொந்தத் தொழில் என்று சொல்லியிருக்கிறார். “தப்பா சொல்லலையே தம்பி, சொந்தத் தொழில்தானே. ஆனா அதுக்கு மேல அவன் வாயை நிறுத்திக்கிட்டான் பாருங்க. அன்னைக்கே முன்பணத்தைத் திருப்பி வாங்கிட்டேன்.” அதில் கோபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மகனுக்கு அந்தக் கடையில் ஒரு நாளும் கத்தரிக்கோலைத் தொடக் கொடுத்ததில்லை என்றும் அவரே சொன்னார்.

பேசிக்கொண்டே என் தலையை உற்றுப் பார்த்தவர், கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். “யாரு வெட்டினது? காதுக்குப் பின்னால படி விழுந்திருக்கு.” மிஷின் வேகத்தில் போனால் அப்படித்தான் ஆகும், பையனைக் குறை சொல்லக் கூடாது என்று அவரே சமாதானமும் சொன்னார். மறுக்க மறுக்க பால்கனியில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, செய்தித்தாளை விரித்து, ஒரு மரப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தார். இரண்டு வெட்டுக்கு நடுவில் கத்தரிக்கோல் காற்றில் ஓடும் அந்தச் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் சுருட்டி வைத்த தோல் வாரும் இருந்தது, ஓரங்கள் கறுத்து, நடுவில் மட்டும் பளபளத்தது.

மருமகள் ஒரே தட்டில் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “உங்க பாட்டி காபி மாதிரி வராது தம்பி. சிக்கரி கம்மியா போடுவாங்க. இன்னும் நாக்குல இருக்கு” என்றார்.

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆறிவிடும் என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

ஆறாம் நாள், செவ்வாய்

காலையில் கடைசியாக ஒருமுறை நடந்தேன். சிறிய சலூன்கள் எல்லாம் கதவை இறக்கியிருந்தன. குளிர்சாதன சலூன் மட்டும் திறந்திருந்தது, அவர்களுக்குச் செவ்வாய் விடுமுறை கிடையாதாம். பழைய வீட்டின் சாவியை வாங்கியவர்களிடம் ஒப்படைக்கப் போனபோது, சந்து வழியாகக் கொல்லைப்புறத்துக்கும் போய்ப் பார்த்தேன். துவைக்கும் கல் இல்லை. அதற்கு மேலே இருந்த மாடத்தை யாரோ எப்போதோ சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். மாடம் இருந்த இடம் சுவரில் சற்றே வேறு நிறத்தில் சதுரமாகத் தெரிகிறது. புது வீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

எடைக்கல்லை அண்ணாச்சி மகனிடமே கொடுத்துவிட்டேன், பையில் கனமாக இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ரசீதுத் தாள்கள் பறக்காமல் இருக்க அதை வைத்திருக்கிறார். இரவு ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.